மகள் இதய மயக்கவியல் படிக்கலாமா? ஓர் அப்பாவுக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று முறை படித்தேன். "பத்து வருடத்தில் இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்கிறார்கள். இவள் ஏன் இன்னும் தூக்கம் கெட்டுப் படிக்க வேண்டும்?" மயக்கவியலில், அதாவது அறுவையின்போது மயக்க மருந்து கொடுத்து நோயாளியைக் கவனிக்கும் துறையில், மேற்படிப்பை முடிக்கப்போகும் உங்கள் மகள், அடுத்து இதய அறுவை சிகிச்சைக்கான மயக்கவியலையும் தீவிர சிகிச்சையையும் எடுக்க நினைக்கிறார். நீங்கள் அவரை டேட்டா சயின்ஸ் பக்கம் திருப்பப் பார்க்கிறீர்கள். உங்கள் பயத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு.

முதலில் ஒரு பழைய ஆரூடம். 2016-இல், செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், கதிரியக்க நிபுணர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். ஐந்து ஆண்டு கெடு வைத்தார். பத்தாகவும் ஆகலாம் என்று ஒரு பிடியும் விட்டுவைத்தார். அவர் விவரம் தெரியாதவர் அல்ல, 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் படிக்கும் மென்பொருள்கள் அவர் சொன்னபடியே பெருகின. கதிரியக்க நிபுணர்களுக்கான தேவை மட்டும் குறையவில்லை.

மயக்கவியலிலேயே இன்னும் நெருங்கிய உதாரணம் இருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் செடாசிஸ் என்ற இயந்திரம், பெருங்குடலை உள்நோக்கிப் பார்க்கும் சோதனையின்போது புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைத் தானே அளந்து கொடுத்தது. அமெரிக்காவில் 2013-இல் அனுமதி கிடைத்தது. 2016-இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஓரளவு ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு லேசான மயக்கம் கொடுக்கும் வேலை அது. உங்கள் மகள் போக நினைக்கும் அறையில் இதயத்தையே நிறுத்திவைத்து வேலை செய்கிறார்கள்.

அந்த அறையின் மூலையில் ஒரு நாள் முழுக்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பார்க்காத தொழிலைப் பற்றி யாருக்கும் யோசனை சொல்வதில்லை என்பது என் வீம்பு. நான் போனபோது நோயாளி, இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைத் தற்காலிகமாக ஏற்கும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் இருந்தார். அதில் ஓடும் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்திருந்தார்கள். இயந்திரத்திலிருந்து விடுவித்த பிறகு, அந்த ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின் கொடுக்க வேண்டும். மயக்கவியல் மருத்துவர் ஊசியைக் கையில் எடுத்தார், ஆனால் அழுத்தவில்லை. அறை முழுக்கக் கேட்கும்படி, "புரோட்டமின் தொடங்குகிறேன்" என்றார். இயந்திரத்தை இயக்குபவர், "கேட்டது, உறிஞ்சுகுழாயை நிறுத்திவிட்டேன்" என்று பதில் கொடுத்தார். அறுவை மருத்துவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் மருந்து போனது, அதுவும் சொட்டுச் சொட்டாக.

ஏன் இந்தச் சடங்கு என்று பிறகு கேட்டேன். புரோட்டமின் கலந்த ரத்தத்தை உறிஞ்சுகுழாய் இயந்திரத்துக்குத் திருப்பி அனுப்பினால் குழாய்களுக்குள்ளேயே உறைந்துவிடும். இதயம் மறுபடி தடுமாறினால், திரும்பிப் போக அந்த இயந்திரம் இருக்காது. வேகமாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் எகிறி, இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் திணறும். அந்தச் சில நிமிடங்களும் மருத்துவரின் ஒரு கண் எக்கோ திரையிலும் இன்னொரு கண் திறந்த மார்புக்குள் துடிக்கும் இதயத்திலும் இருந்தன. மருந்தின் அளவைக் கணக்கிட மென்பொருள் போதும். இப்போது தொடங்கலாமா என்பதை மூன்று பேர் ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொண்டுதான் முடிவு செய்கிறார்கள்.

அன்று பார்த்த இன்னொன்று சின்ன விஷயம், ஆனால் இன்றுவரை மறக்கவில்லை. ரத்த அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒரு கம்பத்தில், நோயாளியின் இதயத்துக்கு நேர் உயரத்தில் மாட்டியிருந்தது. அறுவை மருத்துவர் மேசையை உயர்த்தச் சொன்னார். மேசை ஏறியது, கம்பம் ஏறவில்லை. இதயத்தைவிடச் சென்சார் 10 செ.மீ. தாழ்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய 7.5 மி.மீ. கூடுதலாகத் தெரியும், 20 செ.மீ. என்றால் 15. அதாவது திரையில் சராசரி அழுத்தம் 70 என்று நிம்மதியாக மின்னும்போது உண்மையில் அது 55. அழுத்தம் விழப்போவதைச் சில நிமிடங்கள் முன்பே எச்சரிக்கும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன, நல்லதுதான். ஆனால் அவையும் அதே சென்சாரிலிருந்துதான் தகவல் எடுக்கின்றன. அன்று மேசை நகர்ந்த கணமே மருத்துவரின் கை தன்னால் கம்பத்துக்குப் போய் சென்சாரை ஏற்றியது. பேச்சைக்கூட அவர் நிறுத்தவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் பிரச்சினை வேறு. அங்கே எச்சரிக்கைக்குப் பஞ்சமே இல்லை, நம்பிக்கைக்குத்தான் பஞ்சம். 2014-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 77 படுக்கைகளை 31 நாள் கண்காணித்தார்கள். ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் 187 முறை மணி அடித்திருந்தது. இதயத்துடிப்புக் கோளாறு என்று அடித்தவற்றில் அவர்கள் ஆராய்ந்த மணிகளில் பத்தில் ஒன்பது பொய். 187 முறை கத்தும் பெட்டியை 188-ஆவது முறை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? செயற்கை நுண்ணறிவு இதைத் தணிக்கலாம், தவறாக அமைந்தால் கூட்டவும் செய்யலாம். அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்கிய எபிக் நிறுவனத்தின் ரத்தநச்சு (செப்சிஸ்) முன்னறிவிப்பு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். ரத்தநச்சு வந்த மூன்று நோயாளிகளில் இருவரை அது கோட்டைவிட்டிருந்தது. ஆனால் அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தது.

இந்தத் துறையில் தவறு பெரும்பாலும் அறிவுக் குறையால் மட்டும் வருவதில்லை. 2005-இல் பிரிட்டனில் சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் போன ஒரு பெண்ணுக்கு மூச்சுப்பாதையில் குழாய் இறக்க முடியவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் சுற்றி நின்று மீண்டும் மீண்டும் அதையே முயன்றார்கள். கழுத்தில் துளையிடும் கருவிகளை ஒரு செவிலியர் எடுத்து வந்து வைத்தார். யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. சில நாட்களில் அந்தப் பெண் இறந்தார். விமானியான அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி, யாரையும் தண்டிக்கக் கேட்காமல், 2007-இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். மனிதக் காரணி என்றால் வேறொன்றுமில்லை: தெரிந்தவர் வாய் திறந்தாரா, மற்றவர் காதில் அது விழுந்ததா என்பதுதான் அதன் பாதி.

மறு பாதி, வேலை கைமாறும் இடம். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், இதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைக்கும் முறையை ஃபெராரி கார்ப்பந்தயக் குழுவினரிடம் கற்றுத் திருத்தினார்கள். யார் வென்டிலேட்டரை மாட்டுவது, யார் எப்போது பேசுவது என்று வகுத்ததுமே தவறுகள் குறைந்தன. ஒரு கம்ப்யூட்டரும் தேவைப்படவில்லை.

இப்போது உங்கள் பயத்துக்குச் சரியான இடம். இயந்திரம் வேலையைப் பறிக்கும் என்பதைவிட, வேலையைக் கற்கும் வாய்ப்பைப் பறிக்கும் என்பதே என் கவலை. எளிதான பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டால், கடினமானது மட்டும் மனிதருக்கு மிஞ்சும். ஆனால் எளிதானதைச் செய்துதானே கை பழகும்? இதை 1983-லேயே லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியல் அறிஞர் தொழிற்சாலைகளை வைத்துச் சொல்லிவிட்டார். ஆகவே உங்கள் மகள் பயிற்சிக்கு இடம் தேடும்போது கட்டடத்தையும் கருவிகளையும் பார்த்து மயங்க வேண்டாம். இரவில் முடிவெடுப்பது பயிற்சியாளரா, பின்னால் நிற்பவர் யார்? பொம்மையை வைத்து நெருக்கடி ஒத்திகை நடக்கிறதா? தவறு நடந்த மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்களா, அல்லது இளையவரைத் திட்டுவதோடு முடிகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தை நான் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன்.

டேட்டா சயின்ஸை முழுதாக ஒதுக்கச் சொல்லவில்லை. புள்ளியியலைப் பிடிமானமாகக் கற்றுக்கொள்ளட்டும். ஒரு மென்பொருள் யாருடைய தரவில் பழகியது, எத்தனை முறை பொய்யாகக் கத்தும் என்று விற்க வருபவரைக் கேட்கத் தெரிந்த மருத்துவர்கள் எங்கும் குறைவு. அதற்குப் பட்டம் தேவையில்லை, ஓராண்டு மாலை நேர வாசிப்பு போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் அறுவை மருத்துவரின் பெயரைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள், மயக்கவியல் மருத்துவரின் பெயரை அல்ல. இரவுப் பணி குறையாது. மூத்தவர் ஒருவர் அவசரத்தில் இருக்கும்போது, "ஒரு நிமிடம் நில்லுங்கள்" என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டிவரும். உங்கள் வீட்டில் மகள் உங்கள் பேச்சை மறுத்துப் பேசியதுண்டா? இந்தத் துறையை விடமாட்டேன் என்று உங்களிடமே சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் புகாராக எழுதியிருந்தீர்கள். நான் அதைத் தகுதியாகக் குறித்துக்கொண்டேன்.

முடிவெடுக்கும் முன் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் இரண்டு இரவுகள் முழுமையாக இருந்து பார்க்கச் சொல்லுங்கள். அதிகாலை நான்கு மணிக்கு அங்கே தனக்கு என்ன தோன்றியது என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு என்னைப் பார்க்க வரட்டும். நீங்கள் கூட வர வேண்டாம்.