வெற்றிலைக் காம்பு வைத்தால்தான் மலம் போகிறான், ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: என் மகனுக்கு 40 நாள். மூன்றாம் நாள்தான் காட்டுப்பீ (பிறந்த குழந்தையின் முதல் மலம்) போனான். அதிலிருந்து வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைத்தால்தான் போகிறான், வயிறு உப்பியே இருக்கிறது. பயாப்ஸி (குடலில் துளி சதை எடுத்துச் செய்யும் சோதனை) எடுத்துவிட்டு, குடலில் நரம்பு இல்லை, ஆபரேஷன் என்கிறார்கள். சோறு சாப்பிட ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். பயாப்ஸியில் நரம்பணுக்கள் இல்லை என்று உறுதியான பிறகு, வயது ஏற ஏற அவை முளைத்து வரப்போவதில்லை. உங்கள் மாமியாரையும் குறை சொல்ல முடியாது. காம்பு வைத்ததும் மலமும் காற்றும் பீய்ச்சிக்கொண்டு வருவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த நோயின் அடையாளமே அதுதான். இறுகிக் கிடக்கும் கடைசிப் பகுதி ஒரு நொடி விரிகிறது, மேலே தேங்கியது கொட்டுகிறது, மறுபடி மூடிக்கொள்கிறது.

இதன் பெயர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். ஏறக்குறைய 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும், ஆண் குழந்தைகளுக்கே அதிகம். கருவில் இந்த நரம்பணுக்கள் குடலின் மேல்முனையிலிருந்து கீழே இறங்கி வரும். ஏதோ ஓர் இடத்தில் அந்தப் பயணம் நின்றுபோனால் அதற்குக் கீழே ஆசனவாய் வரை குடல் தளரவே தெரியாமல் இறுகி நிற்கும். கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டது, சாப்பிடாதது எதுவும் காரணமில்லை.

வேடிக்கை என்னவென்றால், வீங்கிப் பெருத்திருக்கும் மேல்குடல்தான் நல்ல குடல், பார்க்க ஒல்லியாக ஒழுங்காக இருப்பதுதான் நோயுள்ளது. டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886இல் இதை விவரித்தும், எதை வெட்டுவது என்ற குழப்பம் பல பத்தாண்டுகள் தீரவில்லை. ஒல்லியான பகுதியை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் முறையை ஆர்வர் ஸ்வென்சன் 1948இல் வெளியிட்டார். இன்றைய புல்-த்ரூ ஆபரேஷனுக்கும் அடிப்படை அதேதான். நரம்பில்லாத பகுதி சிறியதாக இருந்தால் பெரும்பாலும் ஆசனவாய் வழியாகவே, சில நேரம் லேப்ராஸ்கோப் (சிறு துளை வழியே விடும் கேமராக் குழாய்) துணையோடு, ஒரே தடவையில் முடித்துவிடலாம். வயிறு மிகவும் உப்பியிருந்தாலோ நரம்பில்லாத நீளம் அதிகமானாலோ முதலில் மலம் வெளியேற வயிற்றில் வழி வைத்து (கொலாஸ்டமி) குடலுக்கு ஓய்வு கொடுப்பார்கள். பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது தற்காலிகம்தான்.

காம்பை இப்போதே நிறுத்துங்கள், குடலைக் குத்திவிடலாம். ஆபரேஷன் வரை, ஆசனவாயில் குழாய் வைத்துச் சலைன் விட்டுக் கழுவுவதை நர்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் கூடவே கூடாது, அது குடல் வழியே உறிஞ்சப்பட்டு உடலில் சோடியத்தைக் குறைத்து வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.

ஆபரேஷன் முடிந்ததும் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். முதலில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவைகூடப் போவான், பின்புறம் சிவந்து புண்ணாகும். துடைத்து, காய விட்டு, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். மாதங்கள் போகப் போகக் குறையும். சில பிள்ளைகளுக்கு மலச்சிக்கலோ கசிவோ தொடரும், அதற்கும் வைத்தியம் உண்டு.

ஒன்றில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். காய்ச்சல், வயிறு உப்பல், நாற்றத்தோடு தண்ணீராகப் பீய்ச்சும் பேதி, இவை சேர்ந்து வந்தால் குடல் அழற்சியாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. ஆபரேஷனுக்கு முன்னும் வரும், பின்னும் வரும். நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், டியூட்டி டாக்டரிடம் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணப் பேதி என்று ஓஆர்எஸ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.