‘வேலை: இல்லை’ என்று எழுத விடாதீர்கள்

கே: முப்பது வருடமாகக் கடல்பாசி எடுக்கிறேன். மீனவர் நல வாரியத்தில் சேரலாம் என்று விசாரித்தால், “வீட்டுக்காரர்தான் பதிந்திருக்கிறாரே, போதாதா?” என்கிறார்கள். (சின்னப்பாலம்)

ப: போதாது. 2007இல் வந்த மீனவர் நல வாரியச் சட்டம் வலை போடுகிறவருக்கு மட்டுமானதல்ல. மீன்பிடிப்பைச் சார்ந்த வேலை செய்பவர்களும் அதில் சேரலாம். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சுப் பிடித்து முங்குகிறீர்கள். இது தொழில் இல்லையென்றால் வேறு எது? விண்ணப்பத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுத விடாதீர்கள். மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்திலும் சேருங்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் கட்டும் 1,500 ரூபாயோடு மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் தரும். அது உங்கள் பெயரிலேயே வரும்.

ஒன்று மட்டும்: வாரிய அட்டை இருந்தால் பாசி எடுக்கத் தீவுக்குப் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறையோடு உள்ள அந்தப் பிரச்சினை தனி. மாதம் 12 நாள்தான் எடுப்போம், இரும்புச் சுரண்டி தொட மாட்டோம் என்று உங்கள் ஊர்ப் பெண்களே கட்டுப்பாடு வைத்தார்களே, அதை அதிகாரிகளிடம் உரக்கச் சொல்லுங்கள். பாசியை அழிப்பவர்கள் நீங்கள் அல்ல.

கே: ராமநாதபுரம் டவுனில் ரோட்டோரம் மீன் கூடை வைத்தால் தூக்கச் சொல்கிறார்கள்.

ப: 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் நகராட்சியில் செல்லும். கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறதா, வியாபாரிச் சான்று, அடையாள அட்டை கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாலையோர வியாபாரத்துக்காக நகராட்சி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில், வியாபாரிகளுக்கான இடங்களில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. போய் உட்காருங்கள்.

கே: குழுக் கடன். தவணைக்காரர் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நிற்கிறார்.

ப: மாலை 6 மணிக்கு மேல், காலை 9க்கு முன் வசூலுக்கு வரக்கூடாது, ரிசர்வ் வங்கியின் 2022 விதி. பேசி வைத்த இடத்தில்தான் வாங்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை நீங்கள் அங்கே போகாவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். வீட்டின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. சரி, அடுத்த முறை வந்தால் நேரத்தைக் குறித்து, எழுத்தில் புகார் கொடுங்கள்.

கே: இ-ஷ்ரமில் (அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெயர் பதிய 200 ரூபாய் கேட்கிறார்கள்.

ப: கொடுக்காதீர்கள். பதிவு இலவசம், 16 முதல் 59 வயது வரை. லேமினேஷனுக்கு வேண்டுமானால் பத்து, இருபது கொடுங்கள்.