இரத்தப் பரிசோதனையில் ‘இயல்பு அளவு’ என்பது என்ன? உள்ளூர் மக்களை வைத்து ஏன் கணக்கிட வேண்டும்?
ஆரோக்கியமான 120 பேராவது வேண்டும். ஆண், பெண் என்று பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 120. அவர்களின் பரிசோதனை எண்களை வரிசைப்படுத்தி, இரு ஓரத்திலும் 2.5 விழுக்காட்டை விட்டால் நடுவில் மிஞ்சுவதே இயல்பு அளவு.

மரபு, உணவு, ஏன் இயந்திரம்கூட எண்ணை மாற்றும். ஐரோப்பிய உடம்புக்குத் தைத்த சட்டையைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் போட்டுப் பார்த்தால் தோள் தொங்குமே, அதுபோலத்தான்.

ஆள் பொறுக்குவதுதான் பெரிய தலைவலி. மலேசியாவில் பரம்பரை இரத்தச்சோகை நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர்கள் நிறைய. பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, தெரியவும் தெரியாது. அவர்களையும் சேர்த்தால் ஹீமோகுளோபினின் கீழ் எல்லை இறங்கிவிடும்.

அப்புறம், பரிசோதனைத் தாளில், எண் இயல்பு அளவுக்கு வெளியே இருப்பதைக் காட்டும் நட்சத்திரக் குறி விழுந்தாலே நோய் என்று நினைக்காதீர்கள்: இந்தக் கணக்குப்படி ஆரோக்கியமான 20 பேரில் ஒருவருக்கு அது விழத்தான் செய்யும்.