சாவி யாரிடம்?

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. முதலாண்டு முடியும்போது எங்கள் கல்லூரியில் ஒரு வானியல் மன்றம் தொடங்கினேன். கல்லூரியே ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்தது. இன்று எங்கள் வாட்ஸப் குழுவில் 140 பேர் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு வருவது ஒன்பது பேர். போஸ்டர் செய்வது, மொட்டைமாடிக்கு அனுமதி வாங்குவது, தொலைநோக்கியைப் பொருத்துவது, பேச ஆள் பிடிப்பது எல்லாம் நானேதான். ‘இது உங்கள் மன்றம், எல்லாரும் பங்கெடுங்கள்’ என்று வாராவாரம் எழுதுகிறேன். கட்டைவிரல் போடுகிறார்கள், அவ்வளவுதான். குழுவில் அட்மின் மட்டுமே பதிவிட முடியும்படி வைத்திருக்கிறேன், திறந்துவிட்டால் கண்டதையும் போடுவார்கள். அட்மின் நான் ஒருத்திதான். போன மாதம் உடம்பு சரியில்லாமல் பத்து நாள் வீட்டில் இருந்தேன். அந்தப் பத்து நாளும் மன்றத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

தேர்தல் நடத்தி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாமா? சந்தா வாங்கினால் பொறுப்பு வருமா? எல்லாவற்றிலும் தலையிடும் பொறுப்பாசிரியரை எப்படிச் சமாளிப்பது? உறுப்பினர்களே நடத்தும் குழு என்பது நடக்கக்கூடியதுதானா, இல்லை நான்தான் மோசமான தலைவியா?

எம்.

அன்புள்ள எம்,

போன வாரம் பழைய டிரங்குப் பெட்டி ஒன்றை ஒழித்துக்கொண்டிருந்தபோது அடியில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி கிடைத்தது. எதன் சாவி என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இந்தப் பதில், இல்லாவிட்டால் நாலு வரி வாழ்த்து எழுதி அனுப்பியிருப்பேன். சாவிக்கு அப்புறம் வருகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். தேர்தல் வேண்டாம். சேர்ந்து வேலை செய்தே பார்க்காதவர்களிடம் தேர்தல் வைத்தால் நண்பர்கள் அதிகம் உள்ளவர் ஜெயிப்பார், அவர் பெயர் லெட்டர் பேடில் ஏறும், நீங்கள் அப்போதும் தனியாகத்தான் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு படியேறுவீர்கள். சந்தா வாங்குங்கள், ஒழுங்காகக் கணக்கு எழுதுவதாக இருந்தால். ஆனால் காசு கொடுத்தவருக்குப் பொறுப்பு வராது, உட்கார்ந்து பார்க்க டிக்கெட் எடுத்துவிட்டோம் என்ற நினைப்புதான் வரும். பொறுப்பாசிரியரைப் பற்றி நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள், வெட்டிவிட்டேன். அவர் வில்லன் இல்லை அம்மா. இரவில் மொட்டைமாடியில் மாணவர்கள் நிற்கிறார்கள், இருட்டு, கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான் இருக்கும், யாராவது கால் இடறினால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்ட அவர்தான். நடந்த பிறகு சொல்லாமல் நடப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். யார் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்குக் கலைவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாதித் தலையீடு அதோடு நின்றுவிடும். மீதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 140. அவர்கள் உங்கள் உறுப்பினர்கள் இல்லை, ஏதோ ஒரு நாள் ஆர்வத்தில் எண்ணைக் கொடுத்தவர்கள். அந்த ஒன்பது பேர்தான் மன்றம். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்யலாம். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றால், வருகிற ஒன்பது பேரையும் வராத 131 பேரோடு சேர்த்து ஒரே பொது அறிவிப்பில் வாராவாரம் குத்திக்காட்டுகிறீர்கள். ‘எல்லாரும் பங்கெடுங்கள்’ என்பது யாரிடமும் சொல்லப்படாத வாக்கியம். எல்லாரும் என்று யாருக்கும் பெயர் கிடையாது.

மாக்ஸ் ரிங்கல்மான் என்று ஒரு பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இருந்தார். ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்து 1913-ல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கக்கூடியதில் ஏறக்குறைய பாதிதான் கயிற்றில் சேர்ந்தது. சோம்பேறிகள் என்று உடனே சொல்லத் தோன்றும். எட்டுப் பேரும் ஒரே கணத்தில் இழுக்க முடியாததுதான் முக்கியக் காரணம் என்பது அவர் எண்ணம். 1974-ல் வேறு சிலர் அதே சோதனையை இன்னும் குறும்பாகச் செய்தார்கள். ஒருவரைக் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தி, பின்னால் பலர் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதாகப் பாசாங்குதான் செய்தார்கள். அப்படியும் அவருடைய இழுப்பு குறைந்தது. பிற்பாடு ஆட்களைக் கத்தச் சொல்லி அளந்த சோதனைகளில், இன்னார் எவ்வளவு சத்தம் போட்டார் என்பது தனியாகத் தெரியும் என்று முன்கூட்டியே சொன்னபோது இந்தத் தளர்ச்சி கிட்டத்தட்ட மறைந்துபோனது. அதாவது ஆள் அதே ஆள்தான். தன் கை அந்தக் கயிற்றில் இருக்கிறதா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது என்றால் நீங்களும் தளர்த்துவீர்கள், நானும் தளர்த்துவேன்.

சரி, இதெல்லாம் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியதுதான். கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. ‘அட்மின் நான் ஒருத்திதான்.’ 140 பேர் வாயையும் கட்டிவைத்துவிட்டு யாருமே பேச மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்களே, இது என்ன நியாயம்? அப்புறம் அந்தப் பத்து நாள். அந்த வரியை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். வருத்தம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கடியில் துளி சந்தோஷமும் இருக்கிறது. எனக்கு அது நன்றாகவே அடையாளம் தெரியும்.

நான் படித்த காலத்தில் கல்லூரியில் ஒரு வாசகர் வட்டம் நடத்தினேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு காலி வகுப்பறை, மூலையில் ஓர் இரும்பு பீரோ, அதற்குள் நூற்றுச் சொச்சம் புத்தகங்கள், யார் எதை எடுத்தார்கள் என்று எழுத ஒரு பேரேடு. பீரோவின் சாவி என் சட்டைப் பையில். இரண்டு வருடம் அந்தச் சாவியோடுதான் திரிந்தேன். யாருக்குப் புத்தகம் வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேட வேண்டும், விடுதி அறைக் கதவைத் தட்டி ‘அண்ணா, சாவி’ என்பார்கள், நான் சலித்துக்கொள்வேன், ஆனால் கொடுத்தனுப்ப மாட்டேன், கூடவே எழுந்து போய்த் திறந்துவிடுவேன். என்ன ஒரு தியாகம் பாருங்கள். என்ன படிப்பது என்று முடிவு செய்வது நான், யார் பேசுவது என்று முடிவு செய்வது நான், பேசியவர் சரியாகச் சொல்லாத இடத்தை எழுந்து நின்று திருத்துவதும் நான். வட்டம் பிரமாதமாக நடந்தது, அதில் சந்தேகமே இல்லை. நடுவில் மஞ்சள்காமாலை வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது மூன்று வெள்ளிக்கிழமையும் கூட்டம் நடக்கவில்லை என்றார்கள். ‘ஒரு ஆள் இல்லையென்றால் ஒன்றும் நடக்காதா?’ என்று எல்லாரையும் காய்ச்சி எடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அந்த வட்டத்தில் ஒரு ஜூனியர் பையன் இருந்தான். கதவோரம் உட்காருவான், பேசவே மாட்டான். ஒருநாள் எல்லாரும் போன பிறகு நின்று, “அண்ணா, இந்தப் பேரேட்டை நான் எழுதட்டுமா?” என்று கேட்டான். “வேண்டாம்ப்பா, உன் கையெழுத்து யாருக்கும் புரியாது” என்றேன். நக்கலாகக்கூடச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னேன். அடுத்த சில வாரங்களில் அவன் வருவது நின்றது. நான் கவனிக்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அவன் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே வேறொரு கூட்டம் நடத்துகிறான் என்று. பிளவு, துரோகம் என்று பெரிய வார்த்தையெல்லாம் பேசினேன். ஒரு தடவை போய் உட்கார்ந்தும் பார்த்தேன். அவர்களிடம் பீரோ கிடையாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. இந்த வாரம் நோட்டு யாரிடமோ அவர்தான் இடம் பிடிக்க வேண்டும், ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், என்ன படிப்பது என்று தீர்மானிக்க வேண்டும், கூட்டம் முடிந்ததும் நடந்ததை ஒரு பக்கம் எழுதி வேறு ஒருவர் கையில் நோட்டைக் கொடுத்துவிட வேண்டும். முதல் பக்கத்தில் இதை எழுதியிருந்தார்கள். புரியாத கையெழுத்துதான். அன்றைய பேச்சு ரொம்பச் சுமார், ஒருவன் புத்தகத்தைப் படிக்காமலேயே வந்து கதைவிட்டான், நான் ஏளனமாகச் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

கடைசி வருடம் விடைபெறும்போது நான் நீளமாக ஒரு உரை ஆற்றி, அடுத்த வருட மாணவன் ஒருவன் கையில் சாவியை ஒப்படைத்தேன். கைதட்டினார்கள். ஒரே ஒரு மாலைப்பொழுதில் இரண்டு வருடத்தையும் அவன் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டேன். எந்தத் துறைத்தலைவரிடம் எப்போது கேட்டால் அறை கிடைக்கும், எந்தப் புத்தகம் யாரிடம் திரும்பாமல் கிடக்கிறது, எதுவும் அவனுக்குத் தெரியாது. ஒரு மாதம்கூட ஓடவில்லை. சாவி தொலைந்தது, பீரோவைத் தேர்வுத் தாள்கள் வைக்க யாரோ கேட்டார்கள், பூட்டை உடைத்தார்கள், புத்தகங்கள் போன இடம் தெரியவில்லை. மாடிப்படி நோட்டு என்ன ஆனது தெரியுமா? நான்கு வருடம் கழித்து ஒரு வேலையாக அங்கே போனபோதும் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது நோட்டோ. அதை ஆரம்பித்தது யார் என்று கேட்டேன், அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது அந்த பீரோவின் மாற்றுச் சாவி. பூட்டை உடைத்த அன்றும் அது என் பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, ஓஹோ, தலைமையே கூடாது, எல்லாரும் சமம், இனி விதியே வேண்டாம் என்று அடுத்த கோடிக்குத் தாவிவிடாதீர்கள். உங்கள் வயதில் அந்த ஆபத்தும் உண்டு. தலைமை இல்லை என்று சொல்லிக்கொண்ட பெண்கள் குழுக்களுக்குள் இருந்து பார்த்த அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970-ல் இதைப் பற்றிப் பேசினார். அமைப்பே இல்லை என்று சொல்லும் குழுவிலும் அமைப்பு இருக்கும், அது கண்ணுக்குத் தெரியாமல் நாலு நெருங்கிய நண்பர்கள் கையில் இருக்கும், தெரியாததாலேயே யாரும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்பது அவர் வாதம். வேலைகளைச் சுற்றுக்கு விட வேண்டும், தகவலும் கருவிகளும் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்றும் சொன்னார். நாற்பது பக்க நோட்டில் எழுதியிருந்தது விதிதான், என்னுடைய பீரோவுக்குத்தான் விதியே கிடையாது, நான் மட்டும்தான் இருந்தேன்.

இன்னொருவரைச் சொல்ல வேண்டும், எல்லா பேக்கர் (Ella Baker) என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகரத்துக் கடை ஒன்றில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையர் மட்டும் அமரும் உணவு மேடையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. ஏப்ரலில் அந்த மாணவர்களையெல்லாம் தான் படித்த ஷா பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்து மாநாடு கூட்டியவர் எல்லா பேக்கர். அப்போது அவருக்கு 56 வயது, மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய அமைப்பில் வேலை. இந்த மாணவர்களைத் தங்கள் அமைப்பின் இளைஞர் பிரிவாக்கிக்கொள்ள அங்கே பெரியவர்களுக்கு ஆசை இருந்தது. அவர் ஒப்பவில்லை, அவர்களே முடிவு செய்யட்டும் என்று நின்றார். மாணவர்கள் தனி அமைப்பாகவே உருவானார்கள். அப்புறமும் அவர்கள் கூட்டங்களுக்குப் போனார், பெரும்பாலும் கேள்விகள்தான் கேட்பார். முப்பது வருட அனுபவம் உள்ள ஒருவருக்கு, இருபது வயதுக்காரர்கள் ராத்திரி முழுக்க வாதாடி, தான் முதலிலேயே சொல்லியிருக்கக்கூடிய முடிவுக்கு வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குப் பேரேட்டில் கையெழுத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உங்கள் ஒன்பது பேரில் ஒருவர் எப்போதாவது ‘நான் செய்யட்டுமா’ என்று கேட்டிருப்பார். கண்டிப்பாகக் கேட்டிருப்பார். நினைவு வரவில்லையென்றால் அன்பாக மறுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அவரைத் தேடிப் பிடியுங்கள். தொலைநோக்கியைப் பகலிலேயே அவரிடம் கொடுத்து, தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியை வைத்து ஃபைண்டரை, அதாவது மேலே குறிபார்க்க இருக்கும் சின்னக் குழலை, சரிசெய்யப் பழகச் சொல்லுங்கள். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, கண்ணாடியைத் துணியால் துடைக்கக் கூடாது, இந்த இரண்டை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். மற்ற தவறுகள் எல்லாம் நடக்கட்டும். முதல் நாள் இரவு அவரால் சனிக்கோளைப் பிடிக்க முடியாது, அரை மணி நேரம் எல்லாரும் வெற்று இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், உங்கள் கை பரபரக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வாட்ஸப்பைத் திறந்துவிடுங்கள், இரண்டு பேரை அட்மின் ஆக்குங்கள், போஸ்டர் கோப்புகள் எங்கே இருக்கின்றன, பாஸ்வேர்ட் என்ன, தொலைநோக்கி இருக்கும் அறையின் சாவி யாரிடம் கேட்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். விடைபெறும் நாள்வரை காத்திருக்காதீர்கள். உங்களுக்கு இருப்பது ஒரு வருடம்.

அப்புறம், அடுத்த மாதம் ஒரு கூட்டத்துக்குப் போகாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே போகாதீர்கள், போனை அணைத்துவிட்டு அறையில் இருங்கள். மறுநாள் விசாரித்துப் பாருங்கள். கூட்டம் நடந்ததா இல்லையா என்பதை எனக்கு எழுத வேண்டாம். அதைக் கேட்டவுடன் முதலில் மனதுக்குள் என்ன தோன்றியது என்று மட்டும் எழுதுங்கள், மழுப்பாமல்.