மேடை இருக்கட்டும், நிழல் எங்கே?

ஊருக்கு நடுவில் எல்லாரும் வந்து உட்கார, ஆட, பாட, படம் வரைய ஒரு பொதுத்திடல் வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் அதிகம் என்பதால், இந்த முறை கேள்வி-பதில் முழுவதும் திடலைப் பற்றியே.

எங்க ஊரில் பழைய சந்தை இருந்த இடத்தைத் திடலாக்கப் போறாங்களாம். வரைபடத்தில் நடுவே நீரூற்று, ஓரத்தில் பெரிய கான்கிரீட் மேடை, மற்ற இடமெல்லாம் பளபளன்னு கிரானைட். கருத்துச் சொல்ல வரச் சொல்லியிருக்காங்க. போய் என்னங்க கேட்கறது?
– வாசகர், கோபி வட்டாரம்

கட்டாயம் போங்கள். தனியாகப் போகாமல், அந்தச் சந்தையில் கடை போட்டவர்கள், பக்கத்துத் தெருப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் என்று கூட்டிக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: திருவிழாவும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல் சும்மா கிடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இங்கே யார் வந்து எங்கே உட்காருவார்கள்? அதற்கு வரைபடத்தில் பதில் இல்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. சும்மா நாளில் ஆள் வராத இடத்துக்கு விசேஷ நாளில் லாரி வைத்துத்தான் கூட்டம் சேர்க்க வேண்டியிருக்கும்.

1970-களில் வில்லியம் ஒயிட் என்பவர் நியூயார்க்கின் பெரிய கட்டடங்களுக்கு முன்னால் இருக்கும் திறந்தவெளிகளில் கேமரா வைத்து, சனங்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று பொறுமையாகப் படம் பிடித்தார். சில இடங்கள் நிரம்பி வழிந்தன, சில இடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அவர் கண்டுபிடித்தது ரொம்பச் சாதாரண உண்மை: உட்கார இடம் இருக்கிற பக்கம்தான் மக்கள் உட்காருகிறார்கள். அதை வைத்தே 1975-இல் அந்த நகரம் தன் கட்டட விதிகளைத் திருத்தியது. நம் ஊருக்கு இதோடு நிழலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோவை ரேஸ்கோர்ஸ் பாதையில் காலையிலும் மாலையிலும் அத்தனை பேர் நடக்கிறார்கள் என்றால், அங்கே போட்ட விளக்கையும் சிற்பத்தையும் விட, தலைக்கு மேலே நிற்கும் பழைய மரங்களுக்குத்தான் அதில் பெரிய பங்கு என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே வேம்பும் புங்கனும் கேளுங்கள். அடிமரம் வரைக்கும் கல் பாவாமல், ஒவ்வொரு மரத்துக்கும் நாலைந்து அடிக்காவது மண் விடச் சொல்லுங்கள். மரத்தைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்தில், இரண்டு பக்கமும் ஆள் உட்காரும் அகலத்தில் திண்ணை. பளபளக்கும் கிரானைட் சித்திரை வெயிலில் பாதத்தைச் சுடும், மழையில் வழுக்கும். சொரசொரப்பான கல் போதும்.

நீரூற்றை நடுவில் வைக்கவே வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொங்கு நாட்டு ஆட்டங்களில் பலவும் வட்டமாக ஆடுபவை. கரூரிலும் ஈரோட்டிலும் மாரியம்மன் கோயில் விழாவில் முக்கிளைக் கம்பத்தை நட்டு, ராத்திரி இளைஞர்கள் அதைச் சுற்றி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். கும்மியும் வட்டம்தான். பார்க்கிறவர்கள் நாலு பக்கமும் நிற்பார்கள், பார்த்துக்கொண்டிருப்பவரே நாலு பாட்டு கழித்து உள்ளே போய் ஆடிக்கொண்டிருப்பார். அதை நாலடி மேடையில் ஏற்றினால் ஒரு பக்கம் மட்டும் தெரியும், வட்டமும் உடைந்துவிடும். நமக்கு வேண்டியது நடுவில் தடுக்காத சமதளத் தரை. பேச்சுக்கும் நாடகத்துக்கும் உயரம் தேவைப்பட்டால் அன்றைக்குப் பலகை மேடை போட்டுக்கொள்ளலாம்.

பெண்களுக்கு இலவசமாக வள்ளி கும்மி சொல்லித் தருகிறேன். கோயில் முன்னால் இடம் போதவில்லை என்று புதிதாகக் கட்டிய திடலுக்குப் போனால், நிகழ்ச்சி என்றால் வாடகை, முன்பணம், காவல் நிலையக் கடிதம் எல்லாம் வேண்டும் என்கிறார்கள். பயிற்சிக்குமா?
– கும்மி ஆசிரியர், அவிநாசி வட்டாரம்

உங்கள் கேள்வியைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. இருபது பெண்கள் சாயங்காலம் ஆறரைக்கு வந்து கைதட்டி ஆடுவதைவிடத் திடலுக்கு என்ன அலங்காரம் வேண்டும்? தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயா வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. அந்த ஆட்டம் வளர்ந்தது ஊர்களின் திறந்த வெளியில் தினசரிப் பயிற்சியில்தான்.

நடைமுறைக்கு வருவோம். ஒலிபெருக்கி வைத்தால் எழுத்து மூலம் அனுமதி வாங்கத்தான் வேண்டும், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அதைச் சொல்கின்றன. திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. அதனால் பயிற்சியை மைக் இல்லாமல் வாய்ப்பாட்டிலேயே வையுங்கள். "நிகழ்ச்சி" என்ற வார்த்தையே இல்லாமல், பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, கட்டணம் இல்லை, வாரத்தில் இன்ன நாள் இன்ன நேரம் பயிற்சி என்று நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு, அதன் நகல் உங்கள் வார்டு உறுப்பினருக்கு. பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். வாடகை என்பது அரங்கேற்ற நாளுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், தினசரிப் பயிற்சிக்குக் கேட்பது நியாயமே இல்லை என்று நேரிலும் சொல்லுங்கள்.

இன்னொன்று. கழிப்பறை திறந்திருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, எட்டு மணிக்குப் பிறகு விளக்கு எரிகிறதா என்று அந்த மனுவிலேயே கேட்டுவிடுங்கள். நான் மேலே சொன்ன ஒயிட் இன்னொன்றையும் கவனித்தார்: நன்றாக இயங்கும் திடல்களில் பெண்களின் பங்கு அதிகம், பெண்கள் குறைந்த இடத்தில் ஏதோ கோளாறு. நம் பேருந்து நிலையங்களைப் பார்த்தாலே தெரியும்.

ஆடி மாதம் எங்கள் திடலில் நாடகம் போட ஆசை. காற்றில் போன வருஷம் பேனர் கிழிந்து, வசனம் ஒன்றும் கேட்கவில்லை. மாதத்தை மாற்றிவிடலாமா?
– நாடகக் குழு, பொள்ளாச்சி

மாற்ற முடிந்தால் தை, மாசி நல்லது. முடியாவிட்டால் காற்றோடு ஒத்துப்போங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது, ஆகவே மேடையை மேற்குப் பக்கம் போட்டுக் கிழக்கே பார்த்து நடியுங்கள், குரலைக் காற்றே கூட்டத்திடம் கொண்டுபோகும். பார்க்கிறவர் கண்ணில் வெயில் அடிக்கும் என்பதால் ஏழு மணிக்குத் தொடங்குங்கள். பின்னால் முழு ஃபிளெக்ஸ் கட்டாதீர்கள், அது பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிச் சாரத்தையே சாய்த்துவிடும். வலைத்துணி போதும். மைக்குக்குப் பஞ்சு உறை மறக்க வேண்டாம்.

திடல் சுவரில் நண்பர்களோடு சேர்ந்து, வாய்மொழி அனுமதியோடு, நெசவாளர் வாழ்க்கையைப் படமாக வரைந்தோம். ஒரு தலைவர் வருகைக்காக ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்துவிட்டார்கள். எங்களுக்கு எந்த உரிமையும் இல்லையா?
– ஓவியக் கல்லூரி மாணவி, கோவை

இருக்கிறது அம்மிணி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். படைப்பைச் சிதைத்துப் படைத்தவரின் பெயருக்குக் களங்கம் விளைவித்தால், உரிமையை வேறு யாருக்கு விற்றிருந்தாலும் படைத்தவர் வழக்குப் போடலாம். இதற்கு ஒரு பெரிய வழக்கே உண்டு. சிற்பி அமர்நாத் சேகல், டெல்லி விஞ்ஞான் பவனுக்காக ஒரு மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்தார். 1979-இல் அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள், பாகங்கள் உடைந்தன, சில காணாமலும் போயின. அவர் விடவில்லை. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருந்ததை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது.

ஆனால் உங்கள் விஷயத்தில் எழுத்தில் ஒன்றும் இல்லை என்பதால் வழக்கை நம்பி உட்கார வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்த சுவருக்கு ஒரே ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: யார் சுவர், எத்தனை வருடம் படம் இருக்கும், அழிப்பதானால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பராமரிப்பு யார், ஓவியர் பெயர் எங்கே வரும். முடிந்ததும் பகல் வெளிச்சத்தில் முழுச் சுவரையும் படம் எடுத்து வையுங்கள்.

வேலையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் கீழ்ப்பக்கம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது, அது உப்புப் பூத்தது. புதுப்பூச்சுச் சுவர் என்றால் ஒரு மாதமாவது காய விடுங்கள், சிமென்டின் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும். ஈரம் ஏறும் சுவரில் எந்த விலை பெயின்ட் அடித்தாலும் உரியத்தான் செய்யும், முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். பிரைமருக்கு மேல் வெளிச்சுவருக்கான எமல்ஷன். மேற்கு வெயில் படும் சுவரில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும், காவியும் செம்மண் நிறமும் நிற்கும், நெசவு வாழ்க்கைக்கு அந்த நிறங்களே அழகாகவும் இருக்கும். மழைச் சேறு தெறிக்கும் அடிப்பகுதி இரண்டடியைக் கருநிறக் கரையாக விட்டுவிடுங்கள், சேலைக்குக் கரை வைத்தது போலவே அமையும்.

எல்லாம் சரிங்க, காசு? நகராட்சியில் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். ஊர்க்காரர்களே போட்டால் அப்புறம் அது யாருடைய இடம்?
– வியாபாரி, கரூர்

அமெரிக்காவில் போர்ட்லாண்டு நகர நடுவில் ஒரு பழைய ஓட்டலை 1951-இல் இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடமாக்கினார்கள். பிறகு அதையே திடலாக்க முடிவானபோது பணம் போதவில்லை. தரையில் பாவும் செங்கல்லில் உங்கள் பெயர் பொறிக்கிறோம் என்று பொதுமக்களிடம் செங்கல் விற்றார்கள், பல்லாயிரம் கற்கள் போயின. 1984-இல் திறந்த அந்தத் திடலை, ஊரின் முன்கூடம் என்றே அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். எல்லார் பெயரும் ஒரே அளவுக் கல்லில் காலடியில் கிடக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். நம் ஊரில் இதையே செய்தால் பெரிய தொகை கொடுத்தவர் பெயரை வளைவில் போடச் சொல்லிக் கேட்பார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் "நமக்கு நாமே" திட்டம் இருக்கிறது, ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். அதைக் கேட்டுப் பாருங்கள். இடம் நகராட்சிப் பெயரிலேயே இருக்கட்டும். ஊர்ப் பணத்தில் ஒரு பகுதியைக் கட்டுமானத்தில் முடக்காமல், கூட்டுவதற்கும் விளக்குக்கும் மாதாமாதம் வேண்டுமே, அதற்கு ஒதுக்கி வையுங்கள். திறப்பு விழாவுக்குக் கொடுக்க ஆள் கிடைக்கும், துடைப்பத்துக்குக் கொடுக்க ஆள் கிடைக்காது.

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு. எங்கள் லைனில் பாதிப்பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். பட்டிமன்றம் வைத்தால் அவர்களுக்கு என்ன புரியும்? திடல் அவர்களுக்கும்தானே?
– டெய்லர், திருப்பூர்

உங்கள் அக்கறைக்கு நன்றி. அவர்களுக்கும்தான், சந்தேகமே வேண்டாம். பட்டிமன்றத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஈரோடு புத்தகத் திருவிழா 2005-இல் ஆரம்பித்ததிலிருந்து சாயங்காலப் பேச்சைக் கேட்கவே பெருங்கூட்டம் உட்காருகிறது, அந்தப் பசி நம் மக்களுக்கு உண்டு. கூடவே மொழி தேவைப்படாதவற்றையும் வையுங்கள்: துடும்பு மேளம், பெருஞ்சலங்கை ஆட்டம், கோலம், பிள்ளைகளுக்குக் களிமண். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிறு சாயங்காலம் கடைவீதியில் நடக்கும் கூட்டம் துடும்புச் சத்தம் கேட்டால் தானாகத் திரும்பும். அவர்களில் டோலக் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவராவது உங்கள் லைனிலேயே இருப்பார். நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் அவரைக் கேளுங்கள், அரை மணி நேரம் அவருக்கு என்று ஒதுக்குங்கள். நோட்டீஸில் இந்தியிலும் ஒடியாவிலும் நாளும் நேரமும் இருக்கட்டும். தள்ளுவண்டிக்காரர்களை விரட்டாதீர்கள், ஒரு டீயோடு ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார முடிகிற இடம் திருப்பூரில் குறைவு.