ஊசி குத்தினால் மனச்சோர்வு குறையுமா? உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மனச்சோர்வுக்கு அக்குபங்சர் பலன் தருமா, காலில் குத்தும் ஊசிக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்கா இரண்டு வருடம் மனச்சோர்வில் தவித்தாள். மாத்திரையோடு அக்குபங்சரும் எடுத்துக்கொண்டாள். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லித்தருகிறவன். அந்த நாட்களில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

அக்குபங்சர் ஊசியில் மருந்து கிடையாது. துளையே இல்லாத மெல்லிய கம்பி அது. அப்படியானால் எது நடந்தாலும் உடம்பு தன் சரக்கை வைத்துத்தான் நடத்த வேண்டும். வலி விஷயத்தில் இது முதலில் தெரியவந்தது. 1970களில் பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் குழுவினர் ஒரு முயலுக்கு அக்குபங்சர் செய்து, அதன் மூளைத் தண்டுவட நீரை எடுத்து வேறொரு முயலின் மூளைக்குள் செலுத்தினார்கள். ஊசியே படாத அந்த முயலுக்கும் வலி தாங்கும் சக்தி கூடியது. வலியைக் குறைக்க உடம்பே தயாரிக்கும் எண்டார்பின் போன்ற பொருட்கள் சுரப்பது பிறகு தெளிவானது.

மனச்சோர்வுக்கு வருவோம். ஓயாத மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இறங்காமல் நிற்கும். நினைவுக்கும் உணர்வுக்கும் முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் நரம்பு செல்களை வளர்க்கும் பிடிஎன்எஃப் என்ற புரதம் குறையும். ஆய்வுக்கூடத்தில் எலிகளை வாரக்கணக்கில் தொந்தரவு செய்வார்கள்: கூண்டைச் சாய்ப்பது, படுக்கையை நனைப்பது, பட்டினி போடுவது. கடைசியில் அவை சர்க்கரைத் தண்ணீரைக்கூட நாடாமல் போய்விடும். எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்தது. பிடித்த பால் பாயசத்தைத் தொடாமல் வைத்திருந்தாள். உச்சந்தலையிலும் புருவ மத்தியிலும் ஊசி வைத்து லேசான மின்சாரம் கொடுத்தபோது, பல ஆய்வுகளில் எலிகள் மறுபடி சர்க்கரைத் தண்ணீரைத் தேடின. பிடிஎன்எஃப் கூடியது, அழுத்த ஹார்மோன் இறங்கியது, மூளையில் அழற்சிப் புரதங்களும் குறைந்தன.

அழற்சி, அதாவது காயத்துக்கும் கிருமிக்கும் உடம்பு காட்டும் எதிர்ப்பு, சும்மா விடக்கூடிய விஷயமில்லை. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ரத்தத்தில் அதன் அடையாளங்கள் கூடியிருக்கின்றன. 2021இல் ஹார்வர்டில் கியூஃபூ மா குழுவினர் சுண்டெலிகளில் வழியையே காட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே கொடுத்த மெல்லிய மின்தூண்டல் குறிப்பிட்ட நரம்புகள் வழியாக மூளைக்குப் போய், மூளையிலிருந்து வயிறு வரை போகும் வேகஸ் நரம்பில் இறங்கி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தொட்டு அழற்சியைத் தணித்தது. வயிற்றில் அதே அளவு மின்சாரம் கொடுத்தால் அது நடக்கவில்லை. அங்கே அந்த வகை நரம்புகள் இல்லை.

மனிதர்களில் ஆதாரம் இவ்வளவு உறுதியாக இல்லை. இங்கிலாந்தில் 755 பேரை வைத்து நடந்த 2013 ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அக்குபங்சரும் பெற்றவர்கள், அந்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மூன்று மாதத்தில் கூடுதலாகத் தேறினார்கள். கவுன்சலிங் பெற்றவர்களும் அப்படித்தான். போலி ஊசி வைத்து ஒப்பிடாததால், பலன் ஊசியாலா, உட்கார்ந்து கேட்ட மனிதராலா என்று பிரிக்க முடியாது. என் அக்கா விஷயத்திலும் முடியாது.

அவள் முதலில் போன இடத்தில் மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினாள். ஒரே வாரத்தில் தலைசுற்றலும் தூக்கமின்மையுமாகத் துடித்துப்போனாள். திரும்ப டாக்டரிடம் ஓடினோம். அவருக்குச் சொல்லிவிட்டு, வேறொருவரிடம்தான் ஊசியைத் தொடர்ந்தாள். நீங்களும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஊசிக்காகக் காத்திருக்காதீர்கள். இந்தியாவில் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு உடனே பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.