ரொட்ரிக் விமானமும் ஊறுகாய் பாட்டிலும்

கேள்வி (ரோஸ் ஹில் வாசகி): மகள் மொரிஷியஸுக்குக் கிழக்கே இருக்கும் ரொட்ரிக் தீவில் டீச்சர். தலைப்பிரசவத்துக்குப் போகிறேன். மொரிஷியஸிலிருந்து ரொட்ரிக்குக்கு 560 கிலோமீட்டர் என்று பேரனின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. டிக்கெட்டிலோ ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கிறார்கள். விமானத்துக்கு ஏன் இவ்வளவு நேரம்?

பதில்: புத்தகமும் பொய்யில்லை, டிக்கெட்டும் பொய்யில்லை அம்மா. 560 என்பது தீவுக்குத் தீவு சொல்லும் கணக்கு. நீங்கள் ஏறுவது மொரிஷியஸின் பிளெசான்ஸ் விமான நிலையத்தில், இறங்குவது ரொட்ரிக்கின் மேற்குக் கோடியில் உள்ள பிளேன் கொராய் விமான நிலையத்தில். டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் பொழுது போகாமல் நானே போட்டுப் பார்த்த கணக்கு இது: பிளெசான்ஸ் 57.7 டிகிரி தீர்க்கரேகை, பிளேன் கொராய் 63.4. வித்தியாசம் 5.7. பூமத்திய ரேகையில் ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர். நாம் இருக்கும் 20 டிகிரி தெற்கில் அது சுருங்கி 104.5 ஆகிவிடும். பெருக்கினால் 596. ரொட்ரிக் கொஞ்சம் வடக்கே தள்ளி இருப்பதையும் சேர்த்தால் 600.

ஓடுவது ஏ.டி.ஆர். 72, விசிறி வைத்த விமானம். மேலே போய் நிதானத்துக்கு வந்தபின் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அதற்கே 1 மணி 12 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. தரையில் உருளும் நேரமும் உண்டு. சக்கரம் நகர்ந்ததிலிருந்து போய் நிற்கும் வரை எல்லாமே டிக்கெட் நேரத்தில் சேரும். இந்தியாவுக்குப் போகும் பெரிய ஜெட்டை விடலாமே என்பீர்கள். பிளெசான்ஸ் ஓடுபாதை 3,300 மீட்டருக்கு மேல். பிளேன் கொராயில் 1,300கூட இல்லை. ஜெட் இறங்கினால் கடலில் போய்த்தான் நிற்கும்!

போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். கடற்கரையில் முகத்தில் அடிக்கும் தென்கிழக்குக் காற்றை வைத்துச் சொல்வது அது. விமானம் பறக்கும் உயரத்தில், முக்கியமாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்தும் வீசும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று என்றால் போவதற்கும் வருவதற்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வித்தியாசம் வரும், அவ்வளவுதான். கப்பலில் ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டிப் போனவர்களைக் கேளுங்கள், ஒன்றரை மணி நேரத்தின் அருமை தெரியும்.

கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். அங்கே சூரியன் 20 நிமிடத்துக்குமேல் முந்தி உதித்தாலும் நேரம் ஒன்றே. மகள் விடியற்காலையிலேயே எழுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (அதே வாசகி): திரும்பும்போது ரொட்ரிக்கின் முக்கிய ஊரான போர்ட் மத்தூரின் சந்தையில் எலுமிச்சை, மிளகாய் ஊறுகாய் வாங்கி வரலாமா?

பதில்: வாங்காமல் வந்தால் அக்கம்பக்கத்தார் விடுவார்களா? மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் நிமிர்த்தி வையுங்கள். நான் ஒரு பையோடு நிறுத்தினேன். தைப்பூசக் காவடிக்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சள் வேட்டியில் அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.